மூச்சும் வாங்கி, மொய்யும் வாங்கி

எங்கள் திண்டுக்கல்லில் விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு ஆள் ஓடினால், ஒன்று பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான், இல்லை நாய்க்குப் பயந்து ஓடுகிறான். வேறு எதற்கும் இந்த ஊரில் யாரும் ஓடியதாகச் சரித்திரம் இல்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில், தொப்பை முன்னே போக நான் பின்னே போக, தாடிக்கொம்பு ரோட்டில் ஓட ஆரம்பித்த முதல் நாளே ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்து மெதுவானது. "எங்கண்ணே போகணும்? ஏறுங்க, காசு வேண்டாம்" என்றார் டிரைவர். "மாரத்தானுக்குப் பயிற்சி தம்பி" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எந்த ஸ்டாப்புங்க?" என்றார்.

எந்த ஸ்டாப் என்று எனக்கே தெரியாதுதான். ஆனால் எதற்கு ஓடுகிறேன் என்பது தெரியும். அடுத்த தெருவில் ஒரு குட்டிப் பையன். எஸ்எம்ஏ என்கிற முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு நோய் அவனுக்கு. தண்டுவடத்திலிருந்து தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்பு செல்கள் பிழைத்திருக்க ஒரு புரதம் வேண்டும். அதைத் தயாரிப்பது எஸ்எம்என்1 என்ற ஜீன். அது பழுதானால் பதில் வேலை பார்க்க எஸ்எம்என்2 என்று இன்னொரு ஜீன் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது செய்து தருகிற சரக்கில் பெரும்பகுதி அரைகுறை, எதற்கும் ஆகாது. இதை நான் வீட்டில் வந்து விளக்கினபோது என் மனைவிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அதாவது, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா இங்க நீங்க குடும்பத்தைப் பார்த்துக்கிற மாதிரி" என்றாள். மருத்துவ உலகம் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் வருகிறது. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பழுதான ஜீனைச் சுமந்துகொண்டு, அது தெரியாமலே ஆரோக்கியமாக நடமாடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பழுதும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் வினை. ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்தப் பையனின் பாட்டிமார் இருவரும் எதிர்த் தரப்புப் பரம்பரையைப் பற்றி விசாரணைக் கமிஷன் நடத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சரிபாதிப் பங்கு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சம்பந்திகளுக்குள் போர் நிறுத்தம் வந்தது.

அடுத்து மருந்து விலை. அதைக் கேட்டபோதுதான் என் கால் முதல்முறையாக நடுங்கியது. ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோல்ஜென்ஸ்மா என்ற ஊசி, இரண்டு வயதுக்குள் ஒரே ஒரு தடவை போட்டால் போதும். நம் பணத்தில் சுமார் 16 கோடி ரூபாயாக இருந்தது. 2021-ல் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்காக முகம் தெரியாதவர்களெல்லாம் நூறும் ஆயிரமுமாகப் போட்டு அந்தத் தொகையைச் சேர்த்ததும், ஏறக்குறைய 6 கோடி இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பையன் அந்த ஊசிக்கான வயதைத் தாண்டிவிட்டான். அவனுக்கு ரிஸ்டிப்ளாம் என்ற வாய்வழி மருந்து. மேலே சொன்ன அந்த அரைகுறை ஜீனை ஒழுங்காக வேலை வாங்குகிற மருந்து அது. (நமக்கும் ஒரு பாட்டில் கிடைக்குமா என்று மனைவி கேட்டாள்.) தினமும் கொடுக்க வேண்டும், ஆயுசுக்கும் கொடுக்க வேண்டும், ஓர் எல்லை வரை பிள்ளையின் எடை ஏற ஏற அளவும் ஏறும்.

அதன் விலை ஒரு பாட்டில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்தது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு என்று 2022-ல் அறிவித்தார்கள். பெரிய தொகைதான், ஆனால் எட்டு பாட்டிலுக்கு மேல் வராது. 2025 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம், அடுத்து உச்ச நீதிமன்றம், இரண்டுமே உள்நாட்டுத் தயாரிப்பைத் தடுக்க மறுத்துவிட, ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு ராத்திரி நான் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர். 16 கோடிக்காக ஓடினால் கிலோமீட்டருக்கு 75 லட்சத்துக்கு மேல் வசூலிக்க வேண்டும். அந்த விலைக்கு என் ஓட்டம் போகாது. ஒரு பாட்டிலுக்காக ஓடினால் கிலோமீட்டருக்கு 750 ரூபாய். அட, இது நம்ம ரேஞ்சு!

ஸ்டேடியத்தில் பழக்கமான ஒரு பயிற்சியாளர் தம்பி எனக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தார். முதலில் இசிஜி எடுக்கச் சொன்னார். அப்புறம் இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. நான் ஓடும்போது, "சார், இது நடைக்கான நேரம் இல்ல, ஓடுங்க" என்று கத்துவார். ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று பதில் சொல்ல மூச்சு இருக்காது. ஷூ முனை இடித்துக் கட்டைவிரல் நகம் கறுத்தது. தொடை உரசுகிற இடத்தில் வாசலின், சட்டை உரசுகிற இடத்தில் பிளாஸ்திரி. எந்த இடம் என்று மெடிக்கல் ஷாப் பெண் விசாரித்தபோது, முழங்கை என்று சொல்லித் தப்பித்தேன். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் மாவுச்சத்து நன்றாகச் சாப்பிடலாம் என்று தம்பி சொன்னதுதான் என் பயிற்சியின் பொற்காலம். சீரகச் சம்பா பிரியாணியில் இருப்பது மாவுச்சத்துதானே? அட்டவணையில் நான் ஒரு நாளும் தவறவிடாத பகுதி அது.

நன்கொடை கேட்கப் போன கதை தனி. 1980-ல் கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டச் செயற்கைக் காலோடு தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம் ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். அதோடு நோய் நுரையீரலுக்குப் பரவி, அடுத்த வருடம் 22 வயதில் போய்விட்டார். அவர் பெயரில் சென்னை ஐஐடி வளாகத்தில்கூட ஓட்டம் நடந்திருக்கிறது. இதையெல்லாம் எங்கள் காலனித் தலைவரிடம் நெகிழ்ந்து சொன்னேன். அவரும் கண் கலங்கினார். துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஒரு காலை வச்சுக்கிட்டு அவரு அப்படி ஓடியிருக்காரு. ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு நீங்க ஏன் இப்படி ஓடுறீங்க?" நூறு அரை மாரத்தான்களுக்கு மேல் ஓடிய அரசியல்வாதி மா. சுப்பிரமணியனைச் சொன்னேன், 2022-ல் சென்னை கலைஞர் நினைவு மாரத்தானில் சேர்ந்த கட்டணம் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் உடனிருப்போர் தங்கும் கட்டடத்துக்குப் போனதையும் சொன்னேன். தலைவர் மனம் இளகி, கிலோமீட்டருக்கு நூறு ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். காலனிக்குள் அரை டிராயரோடு வராமலிருந்தால் இருநூறு.

தை மாதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குப் பழனி ரோட்டைத் தேர்ந்தெடுத்தேன். ரெட்டியார்சத்திரம் பக்கம் போகும்போது ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம் வழியாகக் காவடியோடு வருகிறவர்கள், மதுரைக்காரர்கள், கைப்பிள்ளையோடு வருகிறவர்கள். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அரண்மனையிலிருந்து தொடங்கி ராஜா ராணி இருக்கைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதற்காக வந்த கணக்கு அது. திண்டுக்கல்லிலிருந்து பழனியே ஏறக்குறைய 60. இதை வெறுங்காலோடு, வாட்ச் கட்டாமல், பதக்கம் வாங்காமல் லட்சக்கணக்கானவர்கள் வருஷா வருஷம் முடித்துவிட்டு மொட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸேறி வருகிறார்கள். நான்தான் இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை உப்புக் கரைசல் குடித்துக்கொண்டிருந்தேன்.

தலையில் பையோடு ஓர் ஆத்தா என் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். நான் ஓட்டம், அவள் நடை, வேகம் ஒன்றுதான். "யாருக்குப்பா நேர்ந்துக்கிட்ட?" என்றாள். "பக்கத்துத் தெருப் பையனுக்கு ஆத்தா. அவனுக்குக் கால் வரணும்." "உம் பிள்ளை இல்லையா?" "இல்ல ஆத்தா." சுருக்குப்பையை அவிழ்த்து இருபது ரூபாய் எடுத்து என் கையில் வைத்தாள். "உண்டியல்ல போட வச்சிருந்தேன். முருகன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்." எனக்குப் பேச்சு வரவில்லை; மூச்சு வாங்கியது ஒரு காரணம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் என் முதல் நன்கொடையாளர் என்னை முந்திக்கொண்டு வெகுதூரம் போயிருந்தார். அடுத்த பந்தலில் அன்னதானக்காரர்கள் என்னையும் பக்தன் என்று பிடித்து இழுத்து, பொங்கலும் கேசரியும் போட்டு, மறுசோறும் வைத்தார்கள். திரும்பி வரும் தூரத்தை பஸ்ஸில் கடந்தேன்.

அந்த இருபது ரூபாயைச் சேர்த்தும் வசூல் பாதி பாட்டிலைத் தாண்டவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்த மனைவி சொன்னாள்: "ஏங்க, திண்டுக்கல்லுல போயி ஓடிக் காட்டிக் காசு கேக்குறீங்களே, இங்க எவன் குடுப்பான்? சோறு போட்டுக் கேளுங்க." 2024-ல் வயநாட்டு நிலச்சரிவின்போது நம்ம ஊர் பிரியாணிக் கடை ஒன்று மொய் விருந்து வைத்து, கட்டாய விலை எதுவும் இல்லாமல் நிதி திரட்டிக் கொடுத்ததை அவள் மறக்கவில்லை. பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைத்துக் கடனை அடைத்து, கிணறு வெட்டி, தொழில் தொடங்குகிறார்கள். வாங்கின மொய்யை அடுத்தவர் விருந்தில் கூடுதலாகப் போட்டுத் திருப்பியாக வேண்டும் என்பதுதான் அதன் சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் மாடியில் பந்தி. பிரியாணி, தால்சா, தயிர் பச்சடி. வாசலில் மேசை, மஞ்சள் தடவின மொய் நோட்டு. பணம் என் கையில் தங்கக் கூடாது, நேரே மருந்துக் கணக்கில் கட்டிவிட வேண்டும் என்று பையனின் அப்பாவை மொய் எழுத உட்காரவைத்தாள் மனைவி. நான் இலை எடுத்தேன். நான் மாசக்கணக்கில் வேர்த்து வடிந்து சேர்த்ததை அவள் முதல் பந்தியிலேயே தாண்டிவிட்டாள். ஆட்டோ டிரைவர் ஐநூறு எழுதிவிட்டு, "அண்ணே, அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் காதுகுத்து, ஐநூத்தியொண்ணா திருப்பணும், அதையும் அந்தப் பையன் கணக்குல போட்டுருங்க, பாட்டில் மாசா மாசம் வேணுமில்ல?" என்றார். எனக்கு இத்தனை நாள் தோன்றாதது அவருக்கு ஒரு பிளேட் பிரியாணியில் தோன்றிவிட்டது. மாரத்தானுக்கு முடிகிற கோடு ஒன்று உண்டு. மருந்துக்கு இல்லை. மொய்க்கும் இல்லை.

அன்று ராத்திரி ஷூவைக் கழுவி, காயவைத்து, பரண்மேல் ஏற்றப் போனேன். "அதை எங்க வைக்கிறீங்க?" என்றாள். "அதான் நீயே சம்பாதிச்சுட்டியே, இனிமே நான் எதுக்கு ஓடணும்?"

"நல்லாருக்கே! நீங்க ஓடுறதைப் பார்த்துப் பாவப்பட்டுத்தானே பாதிப் பேரு சாப்பிடவே வந்தாங்க. காலைல அஞ்சு மணிக்கு அலாரம் வச்சாச்சு, தூங்குங்க."