மண்ணெண்ணெய் அண்ணாச்சி

திருநெல்வேலியில் தெருவுக்கு ஒரு மண்ணெண்ணெய் அண்ணாச்சி உண்டு. வண்ணார்பேட்டையில் அவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. பேட்டையில் பலசரக்குக் கடைக்காரர். பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். ஆள்தான் வேறு, கையில் இருக்கும் கேன் ஒன்றுதான்.

ரேஷன் கடையில் மண்ணெண்ணெயைக் கண்ணால் காண்பதே அரிதாகிவிட்ட இந்தக் காலத்திலும் அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு மஞ்சள் கேன் தளும்பிக்கொண்டிருக்கும். சைக்கிள் செயின் துருவா, கதவுக் கீல் கத்துகிறதா, எறும்பு சாரை சாரையாக வருகிறதா, புது எவர்சில்வர் தட்டில் ஸ்டிக்கர் பசை போகவில்லையா? எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய். இதில் பாதி நிஜமாகவே பலிக்கும் என்பதுதான் ஆபத்து. ஸ்டிக்கர் பசை கரைந்த அன்றைக்கே அண்ணாச்சியின் மனசில் உலகத்துக் கறையெல்லாம் கரைந்துவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்து போனாள். சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் தண்ணீர் குடித்த கதவுகள் உப்பிப்போய், நிலைக்குள் அடங்காமல் நின்றன. காயவைத்து, இழைப்புளி பிடித்து, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பாலிஷ் ஏற்ற வேண்டிவந்தது. பாலிஷ் ஏறும் வீட்டில் கார்பெட்டில் நாலு சொட்டு சிந்தாமல் இருக்குமா? சிந்திய வாசம் அண்ணாச்சிக்கு எப்படித்தான் எட்டுமோ, கேனோடு வந்து நிற்பார்.

"துணி இருக்கா வே? பழைய பனியன் போதும்."

சிந்தியது என்ன என்று கேட்கமாட்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்து தேய்க்கத் தொடங்குவார். காலணா அளவில் இருந்த கறை தோசை அளவுக்கு வரும். "பாத்தீரா, இளகுது!" என்பார். இளகவில்லை அண்ணாச்சி, பரவுகிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். வலது கை வலித்தால் இடது கைக்கு மாற்றுவார். "வாசம் ரெண்டு நாள்ல போயிரும்" என்பது அவர் தரும் உத்தரவாதம். வாசம் போகாது. எண்ணெய்ப் பிசுக்கில் தெருப்புழுதி வந்து அப்பிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்துவிட்டு, "பழைய கறை தெரியலைல்லா?" என்பார். தெரியவில்லைதான். அதன் மேல் புதுக் கறை ஏறியிருக்கிறது.

மண்ணெண்ணெய்க்கு மசியாவிட்டால் இஸ்திரிப் பெட்டி கேட்பார். அப்போது மட்டும் குறுக்கே விழுந்து தடுத்துவிடுங்கள். மலிவான கார்பெட் பலவும் சிமென்ட் சாக்கு செய்கிற அதே பாலிப்ரொப்பிலீன். சுமார் 160 டிகிரியில் உருகிவிடும். பருத்திக்கு வைக்கும் சூடு 200 டிகிரியை ஒட்டிப் போகும். தடுத்தால் கோபம் வரும். "பத்தமடைப் பாய் விரிச்சிருந்தா இந்தப் பாடு உண்டா?" என்று எழுந்துகொள்வார். அவர் வீட்டு ஹாலிலும் கார்பெட்தான் கிடக்கிறது என்பதை நாம் சொல்லக் கூடாது.

சும்மா சொல்லக் கூடாது, வெள்ளத்தன்று கரண்டு போன தெருவில் அரிக்கேன் விளக்குகளுக்கு ஊற்றியது அந்தக் கேனிலிருந்துதான். யாரிடமும் காலணா வாங்கவில்லை. அதனால்தான் அவரை வாசலிலேயே நிறுத்த யாருக்கும் வாய் வருவதில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. கதவோரம் பஞ்சுருண்டையோடு நிற்கும் பாலிஷ்காரருக்கு மருந்து தெரியும். "அண்ணாச்சி, இது அரக்குப் பாலிஷ், ஸ்பிரிட்டுக்குத்தான் கேக்கும்" என்று மெல்லச் சொல்லுவார். "நீ உன் சோலியப் பாருல" என்று அடக்கிவிடுவார் அண்ணாச்சி.

பாலிஷ்காரர் சொன்னது முழுக்கச் சரி. எதில் கரைத்ததோ அதுதான் மருந்து. அரக்கு எவ்வளவு காய்ந்தாலும் ஸ்பிரிட்டில் இளகும். என்.சி. லேக்கருக்குத் தின்னர். எண்ணெய் வார்னிஷுக்கு டர்பன்டைன், அதுவும் ஈரமாக இருக்கும்போதே; காற்றுப் பட்டு இறுகிவிட்டால் அது திரும்பக் கரையாது. வெள்ளைத் துணியில் தொட்டு, ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கவே கூடாது. ஊற்றவும் கூடாது, அடியில் இருக்கும் ரப்பர் பசை விட்டுவிடும். முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. "எதுல கலக்கினீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவும் பாலிஷ்காரர் வாயிலிருந்தே வந்திருக்கும்.

கேட்காதது போகட்டும். கிளம்பும்போது அண்ணாச்சி நம் காதோரம் வந்து சொல்லுவார்: "கார்பெட்டக் கெடுத்ததுக்கு இவன் கூலியில கழிச்சுக்கிடும் வே." சில வீடுகளில் கழித்தும் விடுகிறார்கள். நாலு சொட்டு சிந்தியவருக்குக் கூலி குறைகிறது. அதை நாலடிக்கு இழுத்துவிட்டவருக்குக் காப்பி. அதையும் சர்க்கரை தூக்கலாகக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவார்.