பாஸ்டர் தம்பி

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் பக்கமோ மானாம்பதி பக்கமோ போகும்போது எதிரே ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்தால் அதன் பின்சீட்டைப் பாருங்கள். யூரியா மூட்டை இருந்தால் விவசாயி. ரெக்சின் உறை போட்ட கீபோர்டைக் குறுக்கே கட்டியிருந்தால் பாஸ்டர் தம்பி. அதன் இரண்டு முனையும் ரோட்டை அளந்துகொண்டே வரும். ஷேர் ஆட்டோக்காரர்கள் மரியாதையாக ஒதுங்குவார்கள், பக்தியால் அல்ல.

வெள்ளைச் சட்டையைக் கறுப்பு பேண்டுக்குள் செருகியிருப்பார். ஜிப் வைத்த உறைக்குள் பைபிள். அதே உறைக்குள் ஜெபவீட்டுக் கரண்ட் பில்லும், யாரோ ஒரு அம்மாவின் ரேஷன் கார்டு ஜெராக்ஸும், முதியோர் பென்ஷன் மனுவும் இருக்கும். ரட்சிப்பைத் தேடி உறையைத் திறந்தால் முதலில் கையில் வருவது தாலுகா ஆபீஸ்தான்.

வயது இருபத்து நாலு இருக்கும். இந்த வேலைக்கு அது சின்ன வயதில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கிய மிஷனரி சீகன்பால்குவுக்கு, மறுநாள்தான் 24 நிறைந்தது. அவரை டேனிஷ் தளபதி நாலு மாதம் சிறையில் வைத்தார். நம் தம்பியை ஊர் ஆயாக்கள் திண்ணையில் வைத்துவிடுகிறார்கள். அவருக்காவது விடுதலை கிடைத்தது.

ஆனால் உத்திரமேரூருக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 921-இல் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலை விதிப்படி, வாரியத்துக்கு வருகிறவருக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 70-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. வரி கட்டும் நிலமும் அதில் சொந்த வீடும் வேண்டும். தம்பிக்கு வயது போதாது. நிலம் கிடையாது. வாடகை வீட்டில் முன்னறை சபை, பின்னறை குடும்பம். கணக்குக் காட்டாதவனை ஒதுக்கும் விதியில் மட்டும் தேறிவிடுவார். காணிக்கைப் பையில் கணக்குப் பார்க்கும் அளவுக்கு எதுவும் விழுவதில்லை. ஒரு வாரம் சில்லறை, ஒரு வாரம் பூசணிக்காய்.

வீடு சந்திப்பு என்பது இவருடைய தினசரி வேலை. சிக்கல் என்னவென்றால் வீட்டில் ஆள் இருப்பதில்லை. பையன்களும் பெண்களும் ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் போர்த்திக்கொண்டு தூங்குவான்; அவனை எழுப்பி நித்திய ஜீவனைப் பற்றிப் பேசினால் தம்பியின் ஜீவனுக்கு உத்தரவாதமில்லை. அம்மாக்கள் எல்லாம் நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரையில். ஆகவே எக்ஸ்எல் ஏரிக்குப் போகும். கரையில் நின்று போதித்த முன்னுதாரணம் வேதத்திலேயே இருப்பதால் தம்பிக்கு அதில் சங்கடமில்லை. கேட்பவர்களுக்கும் இல்லை, அவர்கள் கேட்பதே வேறு.

"தம்பி, இந்த மாசம் காசு ஏறிச்சா பாரு. பேங்க்ல இருந்து இன்னாவோ மெசேஜ் வந்துகீது."

தம்பி பார்ப்பார். ஏறியிருந்தால் "ஸ்தோத்திரம்" என்பார். ஏறாவிட்டாலும் "ஸ்தோத்திரம்மா, ஆதார் லிங்க் ஆகல" என்பார்.

பிறகு டீ. இந்த ஊழியத்தின் முதுகெலும்பே டீதான். பைபிள் காலேஜில் எபிரெயம் சொல்லிக்கொடுக்கிறார்கள், கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரே காலையில் ஏழு வீட்டு டீயை வயிறு தாங்கும் வழியை யாரும் சொல்லித் தருவதில்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாதா? முடியாது. காலனியில் ஒரு வீட்டு வாசலில் நின்று, "இப்பதான் குடிச்சேன்" என்று சொன்னவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த ஊர் இது. டீக்கடையில் தனி கிளாஸ் மாட்டியிருந்ததைச் சொல்ல இன்றும் ஆள் இருக்கிறது. வாசலோடு போகிறவனை அந்த அம்மா தூரத்திலிருந்தே எடை போட்டுவிடுவாள். உள்ளே வந்து குந்தி, அவள் கொடுத்த டம்ளரில் வாய் வைத்துக் குடித்தவன் சொல்வதைத்தான் காது கொடுத்துக் கேட்பாள். தம்பியின் ஆகச் சிறந்த பிரசங்கம், ஆடை கட்டிய அந்த இனிப்பு டீயை முகம் சுளிக்காமல் முடிப்பது.

இங்கே மார்மன் சபைப் பையன்களை நினைத்துக்கொள்வேன். கழுத்தில் டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, எப்போதும் ஜோடி. பதினெட்டு வயதிலேயே கிளம்பலாம், இரண்டு வருஷம். எழுவதற்கும் படுப்பதற்கும்கூட நேரக் கட்டுப்பாடு உண்டு. அவர்களுடைய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித் 1833-இல் தந்த ஆரோக்கிய விதியின்படி, மதுவும் புகையிலையும் மட்டுமல்ல, டீயும் காப்பியும்கூட ஆகாது. பெங்களூரில் 1993 முதல் அவர்களுக்குத் தனி மிஷன் நடக்கிறது. நகரத்தில் "நோ தேங்க்ஸ்" சொன்னால் செல்லும். எண்டத்தூர் பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, "நாங்க டீ குடிக்கறதில்லம்மா" என்று சொன்னால், அந்தம்மா அமெரிக்காவை நினைக்க மாட்டாள். மேலத்தெருவை நினைப்பாள். ஒரு நல்ல பையன் ஒரே வாக்கியத்தில் அவுட்.

அவர்களுக்குச் சென்னை புதிதில்லை. 1853-லேயே ரிச்சர்ட் பேலன்டைன் என்பவர் கப்பலில் வந்து, பத்திரிகைகூட அச்சடித்துப் பார்த்து, மறுவருஷமே கிளம்பிவிட்டார். வந்தபோது வயது 35. குடவோலைக்காவது எழுதிப் போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியே வேறு ஆள். தகரக் கூரைக்குக் கீழே இருபது பேர்தான். ஆனால் எக்கோ வைத்த மைக்கில் டிவி பிரசங்கியாரின் குரல் வந்துவிடும். அவரே கீபோர்டை முடுக்கிவிட்டு, அவரே பாடி, அவரே "சத்தமா ஆமென் சொல்லுங்க" என்பார். ஒப்பாரி போன்ற பாட்டுக்கும் கீபோர்டு கல்யாண ஊர்வல தாளம்தான் போடும். வேறு பட்டன் வேலை செய்யாது. பாஸ்டரம்மாவுக்கு இன்னும் காலேஜ் பெண் முகம். அறுபது வயதுக்காரர்கள் "அம்மா" என்று கூப்பிடும்போது பின்னால் திரும்பிப் பார்ப்பாள்.

ஆடி மாதம் பிறந்தால் தம்பிக்கு ஒரு தர்மசங்கடம் வரும். தெருவில் நல்ல ஸ்பீக்கர் பாக்ஸ் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. கூழ் ஊற்றும் கமிட்டியிலிருந்து மரியாதையாக நாலு பேர் வந்து நிற்பார்கள்.

"பாஸ்டரே, சவுண்டு செட்டுக்காரன் கடைசி நேரத்துல கழட்டிவுட்டுட்டான். உங்க பாக்ஸ குடுத்தீங்கன்னா..."

தம்பி வானத்தைப் பார்ப்பார். போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு, பிரசவ வலி எடுத்த சபைப் பெண்ணைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி எடுத்தவன் அந்த நால்வரில் ஒருவன். உள்ளிருந்து பாஸ்டரம்மா கண்ணால் ஜாடை காட்டுவாள். அது கொடு என்றா, கொடுக்காதே என்றா என்பது அவருக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

"வயரு பத்திரம்ணே. ஆறு மணிக்குள்ள வந்துடணும், ஏழு மணிக்கு எங்களுக்கு ஜெபம்."

"வந்துடும் பாஸ்டரே. கூழு குடுத்தனுப்பட்டுமா?"