மூன்றாண்டு வீணா?

கேள்வி: புனேயில் மூன்றாண்டு அரசுப்பணித் தேர்வுக்குப் படித்த மகன் வெற்றியில்லாமல் திரும்பிவிட்டான். அத்தனையும் வீண்தானே?

பதில்: இல்லவே இல்லை! புனேயின் சதாசிவ் பேட் பகுதியில் 'அப்யாசிகா' என்னும் வாடகைப் படிப்பறையில், ஒரு மேசை அகலத்துக்குள் நாள் முழுக்க உட்காரப் பழகியிருப்பான். மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளியிருப்பான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 2021 மார்ச் 14-ல் நடக்கவிருந்த மகாராஷ்டிரத் தேர்வாணைய முதல்நிலைத் தேர்வு, மூன்றே நாள் இருக்கையில் தள்ளிவைக்கப்பட்டது. புனே மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 21-ஆம் தேதியே தேர்வு நடந்தது. பதில் எழுதப் பழகியவர்கள் அன்று அரசையே கேள்வி கேட்டார்கள்! உங்கள் மகன் படித்ததும் அந்தச் சூழலில்தான். அவனிடம் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். மாதச் செலவை எப்படிச் சமாளித்தான் என்று கேளுங்கள். வீட்டுக் கணக்கை அவனிடமே ஒப்படைத்துவிடுவீர்கள்.