ஸ்டூலாட்டவியல்: மதுரை வட்டார ஆய்வுக்கு ஒரு முன்னுரை

வீட்டு மொட்டைமாடியில் தச்சுப்பட்டறை போடும் மதுரைக்காரர் முதலில் செய்யத் துணிவது பெரும்பாலும் ஒரு ஸ்டூல்தான். இழைப்புளி, உளி, ரம்பம், மூலைமட்டம், ஒரு டப்பா பெவிகால், பழைய மரக்கடையில் பேரம் பேசித் தூக்கிவந்த கதவுச் சட்டம். இவ்வளவும் சேர்ந்தால் ஸ்டூல் பிறந்துவிடும். பிறந்தவுடன் ஆடும். இந்த ஆட்டத்தைப் பற்றி அறிஞர் உலகம் கனத்த மௌனம் காத்துவருவது வருந்தத்தக்கது. கூடத்துக்கு வந்த மாமனார், “ஊஞ்சல்னா சங்கிலி வேணுமே மாப்ள” என்று சொல்வதை முறையான ஆய்வாகக் கொள்ள இயலாது.

அடிப்படை விதியிலிருந்து தொடங்கலாம். சதுரப் பலகையின் நான்கு மூலையிலும் கால் வைத்த ஸ்டூல் சமதரையில் ஆடாமலிருக்க, நான்கும் ஒரே நீளமாக இருந்தே தீரவேண்டும் என்றில்லை. எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டின் கூட்டுத்தொகையும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருந்தால் போதும். சுற்றிவர 450, 448, 446, 448 மில்லிமீட்டர் என்று கால்கள் அமைந்த ஸ்டூல் சற்றே சாய்ந்து நிற்கும், ஆடாது. மாறாக மூன்று கால்கள் 450, ஒன்று மட்டும் 448 என்றால் ஆடும். அத்தனை அளவும் பிசகியவருக்குப் பரிசு, ஒரே ஓர் அளவில் பிசகியவருக்குத் தண்டனை. இயற்கையின் நீதி அப்படித்தான் இருக்கிறது.

இவ்விதியை அறியாததால் விளைந்ததே ‘அறுப்புப் பள்ளி’. ஸ்டூல் ஆடும்போது எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு கால்கள் மாறி மாறி எழும்பும்; மற்ற இரண்டும் தரையோடு ஒட்டி, நல்ல பிள்ளைகளாக நிற்கும். எழும்புகிற காலைக் குட்டை என்று முடிவுகட்டும் வீட்டுத் தச்சர், அதற்கு நேரெதிர்க் காலை நெட்டையென்று நம்பி அறுக்கிறார். ஆட்டம் இரட்டிப்பாகிறது. உண்மையில் கைவைக்க வேண்டியது அசையாமல் நின்ற அந்த ஜோடியில்தான். குட்டைக் கால் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தால், அதன் பக்கத்துக் கால் ஒன்றில் இரண்டு மில்லிமீட்டர் எடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். இது தெரியாமல் அறுத்துக்கொண்டே போனால் பதினெட்டு அங்குல ஸ்டூல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் மணைப்பலகையாகிவிடும். மணைப்பலகை ஆடாது என்பதால் இதை ஒரு தீர்வாகக் கருதுவோரும் உண்டு.

பழி அடுத்து மரத்தின்மேல் விழுகிறது. “பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிட்டான், காய்ந்து குறுகிவிட்டது.” இது அபாண்டம். மரம் காயும்போது குறுகுவதெல்லாம் குறுக்குவாட்டில்தான். நீளவாக்கில் சுருங்குவது பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. 450 மில்லிமீட்டர் காலில் அது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. சட்டத்தில் துளை போட்டபோது உளி கொஞ்சம் சரிந்து, சட்டம் முறுக்கிக்கொண்டு, கால்களைத் திசைக்கொன்றாகத் தள்ளியிருக்கும். மரம் வாய்பேசாது என்பதால் பழி நிலைத்துவிடுகிறது.

ஆய்வுக்களமும் சந்தேகத்துக்குரியது. மழைத்தண்ணீர் குழாயை நோக்கி ஓடுவதற்காக மொட்டைமாடித் தளத்தை வாட்டம் கொடுத்துத்தான் போடுவார்கள். வாட்டம் ஒரே பக்கமாக இருந்தால் குற்றமில்லை. ஸ்டூல் சாயுமே ஒழிய ஆடாது. இரண்டு வாட்டங்கள் கூடும் இடத்தில் வைத்துக் கால்களைச் சரிசெய்தால்தான் வினை. அந்த ஸ்டூல் மொட்டைமாடியின் அந்த ஒரு மூலைக்கு மட்டுமே பொருந்தும்.

அனுபவப்பட்ட ஆசாரி அறுக்க அவசரப்படுவதில்லை. ரசமட்டம் பார்த்த பலகைமேல் ஸ்டூலை நிறுத்தி, காலடியில் சிறு ஆப்புகளைச் செருகி ஆட்டத்தை அடக்குவார். பிறகு ஒரு மரத்துண்டைப் பலகைமேல் வைத்து, அதன் தலைமீது பென்சிலைப் படுக்கவைத்து, நான்கு கால்களையும் சுற்றிக் கோடு இழுப்பார். கோட்டோடு அறுத்தால் வேலை தீர்ந்தது.

இரண்டாவது ‘முட்டுப் பள்ளி’. இது தொன்மையானது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளைச் சுற்றிவரும் தேரின் சக்கரத்தடியில் கட்டை போடுகிறார்களே, அந்த மரபின் குறுவடிவமே ஸ்டூல் காலடியில் செருகும் மடித்த தாள் என்று இக்கட்டுரை துணிந்து முன்மொழிகிறது. கணக்கும் துணைக்கு நிற்கிறது. சாதாரண அச்சுத்தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம். நான்குமுறை மடித்தால் 16 அடுக்கு, 1.6 மில்லிமீட்டர். கல்யாணப் பத்திரிகை அட்டை இன்னும் கனம். முகூர்த்த மாதங்களில் தட்டுப்பாடில்லாமல் வீடு தேடி வரும்.

மூன்றாவது ‘சுழற்சிப் பள்ளி’. இதன் மூலவர்கள் டீக்கடை வாடிக்கையாளர்கள். சிம்மக்கல்லிலோ செல்லூரிலோ, மேடுபள்ளமான தரையில் ஸ்டூல் ஆடினால் அவர்கள் குனிந்து பார்ப்பதில்லை. டீ கிளாஸைக் கீழே வைக்காமலே ஸ்டூலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அமெரிக்காவின் மார்ட்டின் கார்ட்னர் 1973இல் தம் கணிதப் பத்தியில் இதை எழுதினார். 2005இல் ஆஸ்திரேலியாவின் பர்கார்ட் போல்ஸ்டரும் கூட்டாளிகளும் நிறுவியே காட்டினர்: கால்கள் சமமாயிருந்து, தரை எங்கும் படிபோல் முறியாமல் தொடர்ந்து, சரிவு சுமார் 35 பாகைக்குள் இருந்தால், சதுர மேசையைக் கால் வட்டத்துக்குள் திருப்பி ஆடாத நிலையைக் கண்டுவிடலாம். சாயாது என்பதற்கு உத்தரவாதமில்லை, டீ சிந்தினால் கணிதம் பொறுப்பேற்காது.

முக்காலி ஏன் கூடாது என்று கேட்கலாம். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அடங்கும் என்பதால் அது எங்கும் ஆடாது. ஆனால் பல்பு மாற்ற ஏறி ஓரமாகச் சாய்ந்தவரைத் தரைக்கு அனுப்பிவிடும். பிளாஸ்டிக் நாற்காலி வேறு ஜாதி: அளவு பிசகினாலும் உட்கார்ந்தவரின் எடையில் கால்கள் வளைந்துகொடுத்துத் தரையைத் தொட்டுவிடும். கல்யாண மண்டபங்களை அது பிடித்துக்கொண்டதில் இந்தக் குணத்துக்கும் பங்குண்டு. தேக்கோ வாகையோ அப்படி இறங்கிவருவதில்லை.

சுழற்சித் தேற்றம் வீட்டுக்குள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. கூடத்து டைல்ஸில் ஒரு கல் தூக்கலாகவும் பக்கத்துக் கல் தாழ்ந்தும் இருந்தால், தொடர்ச்சி என்ற நிபந்தனை அங்கேயே உடைந்துபோகும். எவ்வளவு திருப்பினாலும் பயன் நிச்சயமில்லை. அப்போது தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து மடிக்க வேண்டும். போதவில்லையென்றால் நாளைக்கு ஒன்று கிடைக்கும்.