தாலியைக் கழட்டு, உலோகத்தை ஏத்து

வேப்பம்பட்டில் ரயிலேறி எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும் பெண்ணிடம், எந்த ஸ்கேன் சென்டரிலும் கேட்கும் முதல் கேள்வி: "உடம்புல மெட்டல் ஏதாவது இருக்காம்மா?" தாலி, மெட்டி, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாம் கழன்று மகளின் கைப்பைக்குப் போகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கிரைண்டிங் மெஷின் பிடிக்கிற ஆள் என்றால் விசாரணை இன்னும் கடுமை. கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் தெறித்ததா? சந்தேகம் வந்தால் முதலில் எக்ஸ்ரே. நியாயம்தான், எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்தம் கண்ணிலிருக்கும் துகளை அசைத்தால் பார்வையே போய்விடும்.

இப்படிக் குந்துமணி உலோகம் இல்லாமல் துடைத்தெடுத்த பிறகு, கை நரம்பில் ஊசி குத்தி ஏற்றுகிறார்களே, அது என்ன? உலோகம். பெயர் காடோலினியம். சனங்கள் 'டை' என்பார்கள், பில்லில் 'கான்ட்ராஸ்ட்' என்றிருக்கும். 60 கிலோ ஆளுக்கு வழக்கமான டோஸில் ஏறத்தாழ ஒரு கிராம் காடோலினியம் உள்ளே போகிறது.

"எல்லாம் யூரின்ல போயிடும்மா." பெரும்பகுதி போய்விடும், உண்மை. எல்லாமும் போவதில்லை. 2006-இல் ஆஸ்திரியாவிலும் டென்மார்க்கிலும், சிறுநீரகம் பழுதான நோயாளிகளின் தோல் மரக்கட்டையாக இறுகியதற்கும் இந்த ஊசிக்கும் தொடர்பிருப்பது தெரிந்தது. சிறுநீரகம் சரியாக இருப்பவர்களுக்குக் கவலையில்லை என்று மருத்துவ உலகம் மூச்சு விட்டது. 2014-இல் ஜப்பானியர் தொமோனோரி கண்டா, பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையில் சில இடங்கள், டை ஏற்றாமல் எடுத்த படத்திலும் வெளிறித் தெரிவதைக் காட்டினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக், குறைந்தது நான்கு முறை ஊசி போட்டு, பின்னர் இறந்த 13 பேரின் மூளைத் திசுவை, உலோகத்தை அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் சோதித்தது. 13 பேரிடமும் காடோலினியம்.

2017-இல் ஐரோப்பா, உலோகத்தைச் சங்கிலி போலத் தளர்வாகப் பிடித்திருக்கும் 'லீனியர்' வகை ஊசிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. வளையமாக இறுக்கிப் பிடிக்கும் வகையை விட்டுவைத்தது. அமெரிக்கா எதையும் நிறுத்தவில்லை. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்குத் தீங்கு நிரூபணமாகவில்லை என்றது. ஆனாலும் உடம்பில் தங்குகிறது என்பதை நோயாளிக்கு அச்சடித்துக் கொடு என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது.

நமக்கு எதற்கு அந்தக் காகிதம்? நம் நோயாளி ஆங்கிலப் படிவத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவார். எழுதத் தெரியாவிட்டால் கைநாட்டு. லீனியரா, வளையமா என்று கவுன்டரில் கேட்டுப் பாருங்கள். "டாக்டர் கான்ட்ராஸ்ட்னு எழுதியிருக்கார். பணம் கட்டினா டோக்கன் போடறேன்." மூளைக் கட்டியைக் கண்டுபிடிக்க டை வேண்டும், அதை எவனும் மறுக்கவில்லை. என் உடம்புக்குள் போகிற சரக்கின் பெயரை என்னிடம் சொல்ல உங்களுக்கு என்ன கேடு? அவள் கழற்றி வைத்த தாலியைப் போல ஒன்றை இன்றைக்கு வாங்கினால் ஹால்மார்க் முத்திரையும் அடையாள எண்ணும் கேட்டு வாங்கலாம்.

வேப்பம்பட்டு இருக்கிற இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பண்ணை இறால் ஐரோப்பாவுக்குக் கப்பலேற வேண்டுமானால் ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றும் வரம்புக்குள் இருந்தாக வேண்டும். அளக்க இங்கேயும் ஐ.சி.பி.-எம்.எஸ். உண்டு. மேயோ கிளினிக் மூளையைச் சோதித்த அதே வகைக் கருவி. தின்னப்போவது வெள்ளைக்காரன், ஆகவே இறாலின் சதையில் இருக்கும் உலோகத்துக்குக் கணக்கு உண்டு. இறாலை வளர்த்தவனின் சதைக்கு யார் கணக்கு வைப்பது? அவன் ஏற்றுமதிச் சரக்கில்லையே.

குறை சொல்லாதீர்கள், அரசு வழி வைத்திருக்கிறது. காசியாபாத்தில் இந்திய மருந்தியல் ஆணையம் இருக்கிறது. 2010 முதல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. 1800-180-3024 என்று இலவச எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். ஊசிக்குப் பிறகு தோல் இறுகினால் கூப்பிடலாம். மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் நம்பர் கேட்பார்கள். வேப்பம்பட்டுக்காரி பில்லைப் பார்த்துத் தெளிவாகச் சொல்லலாம்: "கான்ட்ராஸ்ட், சார். பணம் கட்டியாச்சு."