பழங்காப்பி வினையியல்: கண்டனூர் லேப்டாப் ஒன்றை முன்வைத்து

சித்திரையில் கொட்டிய காப்பி ஐப்பசியில் ஏன் வேலையைக் காட்டுகிறது என்பதே இவ்வாய்வின் பொருள். களம், கண்டனூர் வீடொன்றின் இரண்டாங்கட்டு. சான்று, ஆறு மாதம் ஒழுங்காக உழைத்துவிட்டு அடைமழை பிடித்ததும் கண்மூடிய ஒரு லேப்டாப். கொட்டியது சீனி போட்ட பால்காப்பி. அளவு, கொட்டியவர் கணக்கில் "ரெண்டு சொட்டு". துடைத்தவர் கணக்கில் முக்கால் டம்ளர். இம்முரண்பாடு எல்லா வீடுகளுக்கும் பொதுவாதலின் விரிக்கவில்லை.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் காட்டிய முறைப்படி பரபக்கத்தை, அதாவது பிறர் கொள்கையை, முதலில் மறுத்துவிடுவோம். அரிசிவாதிகள், அரிசிப் பானைக்குள் புதைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஈரம் எப்படியும் உலரும். உலராமல் தங்குவது சீனியும் பாலின் உப்புகளும். அரிசி அவற்றை உறிஞ்சியிருந்தால் மறுநாள் வெண்பொங்கல் தித்தித்திருக்க வேண்டும். தித்திக்கவில்லை. வெயில்வாதிகள் முற்றத்தில் காயவைப்பார்கள். கறை இன்னும் கெட்டியாக ஒட்டும், பேட்டரியும் கெடும். தட்டல்வாதிகளோடு வாதிடுவதில் பயனில்லை.

இனிச் சுபக்கம், அதாவது நம் கொள்கை. வினை மூவகை. போர்டின்மேல் காய்ந்து கிடக்கும் கறை சஞ்சிதம், சேர்ந்து கிடக்கும் வினை. கோடையில் அது சும்மா இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் காற்று ஈரமானதும் சீனி அந்த ஈரத்தை இழுக்க, உப்பு கரைந்து மின்சாரம் கடத்தும் பசையாகிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து இணைப்புகளுக்கிடையே மின்னழுத்தம் இருக்க, நேர்முனையில் உலோகம் கரைந்து எதிர்முனையில் வேர்விட்டு வளர்கிறது. வேர் மறுமுனையைத் தொட்டால் ஷார்ட். இது பிராரத்தம், பலன் தரத் தொடங்கிய வினை.

"ஆஃப் பண்ணித்தானே வச்சிருந்தேன்?" என்று தடை எழுப்பலாம். ஆஃப் ஆன லேப்டாப்பிலும், பவர் பட்டனை எதிர்பார்த்திருக்கும் சுற்றுகளுக்குப் பேட்டரி மின்சாரம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். பேட்டரியைக் கழற்றாதவரை அரிமானத்துக்கு விடுமுறை கிடையாது. இது தெரிந்த பிறகும் "ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று பட்டனை அமுக்குவது ஆகாமியம், புதிதாகச் சேர்க்கும் வினை.

பக்கத்துக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோகம் ஏன் அரிபடுகிறது என்பது அங்கே முழுநேர வேலை. பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் அது இருக்க, இங்கே லேப்டாப்பை அரிசியில் புதைக்கிறார்களே என்பது ஆய்வாளரின் தனிப்பட்ட வருத்தம். ஆய்வு முடிவில் சேராது.

அந்த வீட்டு அப்பத்தா எந்த நிறுவனத்துக்கும் போனதில்லை. பின்மூடியைக் கழற்றியதும் செம்புத் தடங்களில் பூத்திருந்த பச்சையைப் பார்த்து, "களிம்புல்ல ஏறிக் கெடக்கு தம்பி. அன்னைக்கே புளி போட்டு வெளக்காம வச்சா வேற என்ன செய்யும்?" என்றார். நோயை அறிந்ததில் குறையில்லை. மருந்துதான் மாற வேண்டும்: புளியின் அமிலம் போர்டில் தங்கினால் அது இன்னொரு சஞ்சிதம். பித்தளைக்குப் புளி, போர்டுக்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும். சிப்புகளின் அடியில் புகுந்த கறைக்கு பிரஷ் எட்டாது. அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே போய்ப் பொய் சொல்லவும் முடியாது. பல லேப்டாப்களின் உள்ளே, நனைந்தால் சிவக்கும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சிவந்திருந்தால் வாரன்டி பேச்சு அதோடு சரி.

ஆகவே, காப்பி கொட்டியவர்கள் உடனே சார்ஜரைப் பிடுங்கி, பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துக் கவிழ்த்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொண்டுபோய், எவ்வளவு கொட்டியது, சீனி உண்டா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். எப்போதோ கொட்டி, இன்றும் நன்றாக ஓடுகிற லேப்டாப் வைத்திருப்போர், ஐப்பசி பிறப்பதற்குள் கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் படியெடுத்துவிடுங்கள்.