சிப் சோதனை எஞ்சினியர் ஆவது எப்படி? திருவரங்கத்துப் பிள்ளைகளுக்கு ஆறு யோசனைகள்

1. யாரிடமும் விளக்காதீர்கள். "புராடக்ட் அண்ட் டெஸ்ட் எஞ்சினியர்" என்றால் சித்திரை வீதி மாமா, "சாஃப்ட்வேர் டெஸ்டிங்கா அம்பி?" என்பார். ஆமாம் என்று நகர்ந்துவிடுங்கள். இல்லையென்றால் வேஃபர் என்பது பிஸ்கட் இல்லை, சிப்கள் நெருக்கமாக அச்சான சிலிக்கான் தட்டு என்பதில் தொடங்க வேண்டியிருக்கும்.

2. துவாக்குடி என்.ஐ.டி.யில் இசிஇ சேருங்கள். 1964-ல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கிய கல்லூரி. ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் ஆர்.இ.சி.தான். உடன் படிப்பவர்கள் எல்லாரும் சிப் டிசைனுக்கு ஓடுவார்கள். ஓடட்டும். சிப் வேலை செய்தால் பாராட்டு அவர்களுக்கு. செய்யாவிட்டால் முதல் போன் உங்களுக்கு. சோதனையை எழுதுபவர் டெஸ்ட் எஞ்சினியர், அதன் முடிவுக்குப் பதில் சொல்பவர் புராடக்ட் எஞ்சினியர். சின்ன கம்பெனியில் இரண்டும் நீங்களே.

3. காந்தி மார்க்கெட்டில் காய்கறி வாங்கிப் பழகுங்கள். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை தெரியும். மீதிப் பாதிதான் சிரமம்: ஒடிக்காமல் பார்க்க வேண்டும், அதுவும் ஒன்று விடாமல். வேஃபரில் இருக்கும்போதே புரோப் கார்டின் ஊசிகள் ஒவ்வொரு சிப்பையும் தொட்டு மின்சாரம் கொடுத்துப் பார்க்கும். பேக்கேஜ் ஆனதும் மறுபடி ஒரு சோதனை. சிப்புக்கு ஒரே ஒரு விநாடி கூடினாலும், பத்து லட்சம் சிப்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் டெஸ்டருக்குப் பதினொன்றரை நாள் கூடுதல் வேலை. மேனேஜருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

4. வெயிலைப் பற்றிப் புலம்பாதீர்கள். காருக்குப் போகும் சிப்கள் பலவற்றை மைனஸ் 40 டிகிரியிலும் 125 டிகிரியிலும் சோதிப்பார்கள். மாதிரிக்கு எடுத்த சிப்களை அடுப்பில் வைத்து 1,000 மணி நேரம் ஓட விடுவதும் உண்டு. திருச்சிக் கத்திரியை அந்த அடுப்பு ஒரு பொருட்டாகவே மதிக்காது.

5. சந்தேகப்படுங்கள். நேற்று நூற்றுக்கு 94 தேறியது, இன்று 81. கெட்டது சிப்பா, ஊசியா? ஊசி நுனியில் அலுமினியத் துகள் ஒட்டியிருந்தாலே நல்ல சிப்பும் ஃபெயிலாகும். துடைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். தேறும் வரை திரும்பத் திரும்பச் சோதிக்கும் வித்தையை மட்டும் கற்காதீர்கள். அந்த சிப் யாரோ ஒருவர் காரின் பிரேக்குக்குப் போகும்.

6. பெட்டியைக் கட்டுங்கள். திருச்சியில் பெல் பாய்லர் செய்யும். சிப் சோதிக்க வெளியூர்தான். மறைமலை நகரில் ஸ்பெல், பெங்களூரில் பல கம்பெனிகள், குஜராத்தின் சானந்தில் மைக்ரான், அசாமின் ஜாகிரோடில் 27,000 கோடி ரூபாயில் டாடா. திருவரங்கத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஆற்றைக் கடக்கத்தானே வேண்டும்? இன்னும் கொஞ்ச தூரம், அவ்வளவுதான்.

பெயர் கிடைக்காது, சம்பளம் கிடைக்கும். சரக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று மேலிடம் நெருக்கும் நாளிலும், கெட்டதைக் கெட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடத் துணிவுள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்.